போட்டோ பார்த்தால் வருகிறது, சொந்தமாக வரைய வரவில்லை. ஏன்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் பள்ளியில் நன்றாக வரைந்தவர். கல்லூரி, வேலை என்று பல வருடம் பென்சிலைத் தொடவில்லை. ஊரடங்கு நாட்களில் மறுபடி ஆரம்பித்து, நடிகர்கள், தலைவர்கள் முகங்களைப் போட்டோ பார்த்து, கட்டம் போட்டு வரைந்தார். அச்சு அசலாக வந்தது. இன்ஸ்டாகிராமில் லைக்கும் வந்தது. இப்போது ஒரு முகத்தை முடிக்க ஒரு வாரம் ஆகிறது, பாதியிலேயே அலுத்துவிடுகிறது. போட்டோ இல்லாமல் உட்கார்ந்தால் ஒரு கோடுகூட வருவதில்லை. "எனக்குக் கற்பனையே கிடையாதா? சின்ன வயதில் வரையும்போது இருந்த சந்தோஷம் திரும்ப வருமா?" என்று கேட்கிறார்.

வரும். வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கு வார இறுதிகளில் வரையச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். இதே குறையைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். அவர்களில் யாருக்கும் கற்பனை வற்றிப்போய் நான் பார்த்ததில்லை. வரையும்போது எதையாவது தாங்களாக முடிவு செய்யும் பழக்கம்தான் விட்டுப்போயிருக்கும்.

கட்டம் போட்டு வரைவதை நான் மட்டம் தட்டப் போவதில்லை. அது பழைய, நல்ல முறை. சினிமா பேனர் வரைந்தவர்கள் உள்ளங்கை அளவு ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டுத்தான் முப்பதடி முகங்களை எழுப்பினார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கறுப்பு வெள்ளை ஸ்டில். கன்னத்தில் ரோஜா நிறம், தாடைக்குக் கீழே பச்சை, கோபக்காரக் கதாநாயகன் நெற்றியில் நீலம் என்று நிறம் முழுவதும் அவர்கள் சொந்த முடிவு. கட்டம் உருவத்தைத் தந்தது, மிச்சத்தை ஓவியர் தந்தார். உங்கள் வேலையில் அந்த மிச்சம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எந்தக் கோணம், வெளிச்சம் எந்தப் பக்கம், எது தெளிவாக இருக்க வேண்டும், எங்கே வெட்ட வேண்டும், எல்லாவற்றையும் கேமராக்காரர் முடிவு செய்துவிட்டார். செல்ஃபியாக இருந்தால் கிட்டத்திலிருந்து எடுத்ததில் மூக்கு கொஞ்சம் வீங்கியிருக்கும், காது பின்னால் போயிருக்கும். அதையும் நீங்கள் அப்படியே நகலெடுக்கிறீர்கள். உங்களுக்கு மிஞ்சுவது மைக்ரோ டிப் பென்சிலால் தலைமுடியை ஒவ்வொன்றாகப் போடுவதும், காது குடையும் பட்ஸால் கன்னத்து ஷேடிங்கைத் தேய்த்து வழவழப்பாக்குவதும்தான். பொறுமை வேண்டிய வேலை, சந்தேகமில்லை. ஆனால் அதில் ஒரு வாரம் உட்கார்ந்தால் யாருக்கும் அலுக்கும்.

அடுத்தது பாராட்டு. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் நர்சரிப் பள்ளியில் மூன்றிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகள், அதிலும் ஏற்கெனவே ஆசையாக வரைகிறவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழுவிடம், "வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழு வரைந்து முடித்த பிறகு, எதிர்பாராமல் அதே சான்றிதழ் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, வகுப்பில் மார்க்கர் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டு, யார் எடுத்து வரைகிறார்கள் என்று குழந்தைகளுக்குத் தெரியாமல் கவனித்தார்கள். சொல்லிவைத்துப் பரிசு வாங்கிய குழந்தைகள், மற்ற குழுக்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைந்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த அன்றும் அவர்கள் படங்களின் தரம் மற்றவர்களுடையதைவிடக் குறைவாகவே இருந்தது.

இதில் நான் முக்கியமாக நினைப்பது இரண்டாவது குழுவை. அவர்களும் அதே சான்றிதழைத்தான் வாங்கினார்கள், ஆசை குறையவில்லை. பரிசு வருவதில் தப்பில்லை, பரிசு வரும் என்று தெரிந்து உட்காருவதுதான் கெடுக்கிறது. வாசலில் தினமும் அநாயாசமாகக் கோலம் போடுகிற பெண்ணே பொங்கல் கோலப் போட்டியில் அளவுகோலும் கையுமாகக் குனிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே முதல் மருந்து கசப்பானது: மூன்று மாதத்துக்கு எதையும் போஸ்ட் செய்யாதீர்கள். வீட்டிலும் காட்ட வேண்டாம். அப்புறம் வேண்டுமானால் மொத்தமாக எடுத்துப் போடுங்கள்.

சின்ன வயதுச் சந்தோஷத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தைகளின் படங்களை ஆராய்ந்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் எழுதியதில், ஒன்பது வயதையொட்டி ஒரு பருவம் வருகிறது என்கிறார். அதுவரை தனக்குத் தெரிந்ததை வரைந்த பிள்ளை, அப்போதிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறதா என்று தன் படத்தையே சந்தேகிக்க ஆரம்பிக்கிறது. பெரும்பாலானவர்கள் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நம் ஊரில் அதே வயதில்தான் டிராயிங் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். பெரிய வகுப்புக்குப் போனால் செம்பருத்தியின் நீள்வெட்டுத் தோற்றத்தை ரெக்கார்டு நோட்டில் கூரான எச்.பி. பென்சிலால், ஷேடிங் இல்லாமல், அழிக்காமல் வரையச் சொல்வார்கள். நீங்கள் அதில் நன்றாகச் செய்தவர், அதனால் 'நன்றாக வரைகிற பையன்' என்று பெயர் வாங்கியிருப்பீர்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றும் கவலைதான் இப்போதும் தாளைப் பார்த்ததும் வருகிறது.

சரி, என்ன செய்வது? பென்சிலையும் ரப்பரையும் எடுத்து உள்ளே வையுங்கள். சாதாரண பால்பாயின்ட் பேனா போதும், நீலமோ கறுப்போ. ரப்பர் கையில் இருக்கும்வரை ஒவ்வொரு கோடும் தீர்ப்புக்குக் காத்திருக்கும். பால் பேனா இன்னொரு விதத்திலும் நல்லது. லேசாகப் பிடித்தால் சாம்பல் மாதிரி மெல்லிய கோடு, அழுத்தினால் கறுப்பு. அந்த வித்தியாசத்தை ஜெல் பேனா தராது.

தாள் விஷயத்திலும் கஞ்சத்தனமாக இருங்கள். முந்நூறு ரூபாய் ஸ்கெட்ச் புக் வாங்கினால் முதல் பக்கத்தைக் கெடுக்கவே பயமாக இருக்கும், இரண்டு பக்கத்தோடு அலமாரிக்குப் போய்விடும். நான் எல்லாருக்கும் சொல்வது தினசரி காலண்டர் தாள். ராகு காலம், எமகண்டம் அச்சடித்த பக்கத்தைத் திருப்பினால் பின்னால் வெற்றிடம், உள்ளங்கை அளவு. தினமும் ஒன்று தானாகக் கிடைக்கிறது, எப்படியும் குப்பைக்குப் போகிற தாள், கெடுத்தால் யாரும் கேட்கப் போவதில்லை. முன்பக்கத்துத் தேதி பின்னால் மங்கலாகத் தெரியும், அதுவும் நல்லதுதான், தாள் வெள்ளையாக முறைக்காது. மை பேனாவுக்கு அது ஆகாது, ஊறிவிடும்.

முதல் பயிற்சி உங்கள் இடது கை. இடது கைக்காரர் என்றால் வலது கை. தாளை மேஜையில் வைத்து, பேனா முனையை அதில் ஊன்றி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். பார்வை கையின் மேல் மட்டும்தான், தாளைப் பார்க்கக் கூடாது. பெருவிரல் நகத்தின் ஓரத்தில் கண்ணை வையுங்கள். கண் எவ்வளவு மெதுவாக அந்த விளிம்பில் ஊர்கிறதோ அவ்வளவு மெதுவாகப் பேனாவும் நகர வேண்டும், எடுக்கக் கூடாது. நகம் சதைக்குள் புதைகிற இடத்தில் ஒரு சின்ன மேடு இருக்கும், அதில் ஏறி இறங்குங்கள். முதல் கணுவில் மூன்று நான்கு சுருக்கங்கள். அவை நேர்க்கோடு கிடையாது, நடுவில் உடைந்து ஒன்றுக்குள் ஒன்று போகும். அதற்குள் போய்விட்டுத் திரும்பி வாருங்கள். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சவ்வு மாதிரித் தோலில் கோடு எங்கே முடிகிறது என்றே தெரியாது. அங்கே நின்று யோசியுங்கள், பேனாவும் நிற்கட்டும். ஐந்து நிமிடத்தில் கை முழுவதும் முடியாது, முடிய வேண்டியதும் இல்லை.

தாளைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆறு விரல் இருக்கலாம், மணிக்கட்டு தாளைத் தாண்டிப் போயிருக்கலாம். ஆனால் அந்தப் பெருவிரல் கணுவை மட்டும் பாருங்கள். நீங்கள் ஒரு வாரம் தேய்த்த எந்தக் கன்னத்திலும் இல்லாத உயிர் அதில் இருக்கும், ஏனென்றால் அந்த இடத்தை நிஜமாகவே பார்த்திருக்கிறீர்கள். நியூயார்க்கில் ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீகில் பாடம் நடத்திய கிமோன் நிகோலாய்டஸ் மாணவர்களைத் தொடங்க வைத்த பயிற்சி இது. அவர் இறந்த பிறகு 1941-இல் வந்த பாடநூல் வழியாக உலகம் முழுவதும் பரவியது. உங்களுக்கு நான் இதைச் சொல்வதற்குக் காரணம், வரைகிற நேரத்தில் படம் எப்படி வருகிறது என்று பார்த்துக் கவலைப்பட இதில் வழியே இல்லை என்பதுதான்.

இணையத்தில் தேடினால் படத்தைத் தலைகீழாக வைத்து வரையச் சொல்வார்கள். 1979-இல் பெட்டி எட்வர்ட்ஸ் பிரபலமாக்கிய பயிற்சி அது. வலது மூளை, இடது மூளை என்று அவர் கொடுத்த விளக்கத்தை மூளை ஆராய்ச்சியாளர்கள் அப்படியே ஏற்பதில்லை என்றாலும், வரையவே தெரியாது என்கிறவர்களுக்கு நன்றாகப் பலன் தரும். உங்களுக்கு வேண்டாம். நகலெடுக்கத்தான் உங்களுக்கு நன்றாக வருகிறதே.

கை பயிற்சி பத்துப் பதினைந்து தாள் ஓடியதும் வெளியே போங்கள். டீக்கடை நல்ல பள்ளிக்கூடம். மாஸ்டர் டீ ஆற்றுவதைப் பாருங்கள். உயர்ந்த கை, தாழ்ந்த கை, நடுவில் விழுகிற டீ. முதலில் அந்த நீளமான வளைவை ஒரே வீச்சில் போடுங்கள். அப்புறம் தோள் சாய்ந்திருக்கிற கோடு, ஒரு காலில் தாங்கி நிற்கிற இடுப்பு. முகம், மீசை, சட்டைப் பொத்தான் எதுவும் வேண்டாம். அரை நிமிடம்தான் கிடைக்கும், கவலைப்படாதீர்கள், மறுபடி ஆற்றுவார், ஒரே அசைவு திரும்பத் திரும்ப வரும். அசையாத ஆட்கள் வேண்டுமென்றால் ரயில்வே பிளாட்பாரத்தில் தூங்குகிறவர்கள், கிளினிக்கில் டோக்கனோடு உட்கார்ந்திருக்கிறவர்கள். போன் பார்க்கிறவர்கள் கழுத்தை மடித்துக் கால் மணி நேரம் சிலையாக இருப்பார்கள், இந்தக் காலத்து ஓவியனுக்கு இதைவிட வசதி கிடையாது. யாராவது கவனித்து முகம் சுளித்தால் நோட்டை மூடிவிடுங்கள். "என்னை வரைங்க சார்" என்று யாராவது வந்து நின்றால், வரைந்து, அந்தத் தாளை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

நேரில் உட்கார்ந்து வரைவது நம் பத்திரிகை ஓவியர்களுக்குப் புதிதில்லை. ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' வரிசைக்காகச் சில்பி கோயில் கோயிலாகப் போய், சிற்பத்துக்கு எதிரில் உட்கார்ந்து வரைந்தார். கேமரா இருந்த காலம்தான் அது. ஆனால் இருட்டு மண்டபத்துத் தூணில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சிற்பத்தில் எந்த நகை எங்கே வளைகிறது என்று கேமரா பிரித்துச் சொல்லாது. சில்பியின் கோடு சொல்லும். இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் ஓவியர் ஆதிமூலம். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களைத் தேடிப் பாருங்கள். சிலவற்றில் முகம் கோடுகளின் சிக்கலுக்குள் பாதி மறைந்திருக்கும், ஆனாலும் யார் என்று ஒரு நொடி சந்தேகம் வராது. பின்னால் கி.ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது ஆதிமூலம் போட்ட கிராமத்து மனிதர்களும் அப்படித்தான். ஒருவர் எல்லா நகையையும் வரைய முடிவு செய்தார், இன்னொருவர் முக்கால்வாசியை விட முடிவு செய்தார். இரண்டு பேர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாலை உட்காருங்கள், பத்து வீடியோ பாடம் தராததை அது தரும்.

இப்போது உங்கள் முக்கியமான கவலைக்கு வருகிறேன்: சொந்தமாக ஒன்றும் தோன்றவில்லை என்பது. தோன்றாதுதான். கற்பனைக்குச் சரக்கு வேண்டும், சரக்கு ஞாபகத்திலிருந்துதான் வர வேண்டும். போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைகிறவர் எதையும் மனதில் ஏற்றிவைக்க அவசியமே இல்லை. தலையைத் தூக்கினால் படம் அங்கேயே இருக்கிறது. பாரிஸில் 19-ஆம் நூற்றாண்டில் லெகோக் த புவாபோத்ரான் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். சிற்பி ரோதான் இவரிடம் படித்தவர். மாணவர்களை ஒரு பொருளைப் பார்க்க வைத்து, அதை எடுத்துவிட்டு, ஞாபகத்திலிருந்து வரையச் சொல்வார். எளிதான வடிவத்தில் ஆரம்பித்து, போகப்போக மியூசியத்தில் ஓர் ஓவியத்தைப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் வந்து வரைகிற அளவுக்குக் கொண்டுபோனார்.

நீங்கள் செய்ய வேண்டியது எளிது. காலையில் அந்த டீக்கடையை இரண்டு நிமிடம் பாருங்கள், பேனா எடுக்காமல். ராத்திரி வீட்டில் வரையுங்கள். பாய்லர் வரும், கண்ணாடிக் கிளாஸ் வரும். பாய்லர் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது? பிஸ்கட் பாட்டில்களின் மூடி என்ன நிறம், மாஸ்டருக்குப் பின்னால் சுவரில் என்ன தொங்குகிறது? தெரியாது. தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். மறுநாள் கண் தானாக அந்த இடங்களுக்குப் போகும். இப்படி ஒரு வாரம் போனால் ஒரு நாள், இல்லாத ஒரு பூனையைப் பெஞ்சுக்கு அடியில் நீங்களே வரைந்துவைப்பீர்கள். கற்பனை என்று நீங்கள் பெரிதாக நினைப்பது இவ்வளவுதான், அந்தப் பூனையில் ஆரம்பிக்கும்.

இதிலேயே இன்னும் ருசியான ஒன்று, நீங்கள் வளர்ந்த வீட்டை ஞாபகத்திலிருந்து வரைவது. முதலில் தரைப்படம் மாதிரி: வாசல், திண்ணை, ஆட்டுக்கல், கொல்லைப்புறம். அப்புறம் ஒவ்வொரு மூலையாக. சுவிட்ச் போர்டு எந்த உயரத்தில் இருந்தது, அரிசி டிரம் எங்கே, யார் எந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இதற்கு நகலெடுக்கப் போட்டோ கிடையாது, சரியா தப்பா என்று சொல்லவும் யாரும் இல்லை. அக்காவோ தம்பியோ பார்த்தால் சண்டைக்கு வருவார்கள், அது தனிச் சுகம்.

வீட்டை விட்டு நகர முடியாத நாளில் பிரஷர் குக்கரை எடுத்து மேஜையில் வையுங்கள். குத்துவிளக்கு வேண்டாம், அதை வரைந்தால் காலண்டர் படம் ஆகிவிடும். குக்கரை வேறு வேறு நிபந்தனையோடு திரும்பத் திரும்ப வரையுங்கள். ஒரு தாளில் நிழல் மட்டும், வெளிக்கோடே கூடாது. ஒன்றில் நேர்க்கோடுகள் மட்டும். ஒன்றில் மொத்தமே ஏழு கோடு. ஒன்றில் கைப்பிடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே இருக்கிற வெற்று இடத்தை மட்டும் வரையுங்கள், குக்கர் தானாக வெளியே வரும். ஏழு கோடுதான் என்றால் எதை விடுவது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள். விசிலை விட்டால் அது அண்டா ஆகிவிடும், விசிலை வைத்தால் மூடிக்குக் கோடு போதாது. அந்த இழுபறியில் நேரம் போவதே தெரியாது.

கருவியை மாற்றுவதும் இதே வேலையைச் செய்யும். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941-இல் பெரிய வயிற்று அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு படுக்கையிலும் சக்கர நாற்காலியிலுமாக இருந்தார். பழைய மாதிரி நின்று வரைய உடம்பு இடம் கொடுக்கவில்லை. உதவியாளர்களை வைத்துத் தாள்களுக்கு வண்ணம் பூசி, கத்தரிக்கோலால் நேராக உருவங்களை வெட்ட ஆரம்பித்தார். எழுபது வயது தாண்டிய அவர் கடைசி வருடங்களில் செய்த வேலை பெரும்பாலும் அந்த வழியில்தான். உங்களுக்குக் கத்தரிக்கோல் வேண்டாமென்றால் ஐஸ்கிரீம் குச்சியை மையில் தோய்த்து வரைந்து பாருங்கள், கோடு உங்கள் பேச்சைக் கேட்காது, அதுதான் வேண்டும். டேப்லெட்டில் வரையலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இப்போதைக்கு வேண்டாம். ரப்பரையே உள்ளே வைக்கச் சொல்கிறேன், அதில் அன்டூ பட்டன் இருக்கிறது.

முதல் ஒரு மாதம் படங்கள் அசிங்கமாகத்தான் இருக்கும், உங்கள் பழைய நடிகர் முகங்களோடு ஒப்பிட்டால் ரொம்பவே. அந்தச் சமயத்தில்தான் கை தானாகக் கட்டம் போடப் போகும், போக விடாதீர்கள். தனியாகச் செய்யச் சோம்பலாக இருந்தால் கூட்டமாகப் போகலாம். சியாட்டிலில் பத்திரிகை ஓவியராக இருந்த கேப்ரியல் கம்பனாரியோ 2007-இல் ஆரம்பித்த அர்பன் ஸ்கெட்சர்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது, இந்திய நகரங்களிலும் குழுக்கள் உண்டு. இடத்தில் உட்கார்ந்து, கண்ணெதிரில் இருப்பதைப் பார்த்து வரைய வேண்டும் என்பதுதான் அவர்களுடைய முதல் விதி. அவர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். எல்லோரும் ஒரே கட்டடத்தை வரைந்து கடைசியில் நோட்டுகளைத் தரையில் பரப்பும்போது, ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. வகுப்பில் சேர்வதென்றால், ஆளை எதிரில் உட்காரவைத்து வரைய விடுகிறார்களா என்று கேளுங்கள். இல்லை, போட்டோ கொடுத்து வரையச் சொல்வார்கள் என்றால் காசை மிச்சம் பிடியுங்கள்.

முகம் வரைவதுதான் உங்களுக்குப் பிடித்தது என்றால் அதை விடவே வேண்டாம், நேரில் வரையுங்கள். வீட்டில் அம்மா சீரியல் பார்க்கும்போது பக்கவாட்டில் உட்காருங்கள். டிவி வெளிச்சம் ஒரு பக்கமாக விழும், விளம்பரம் வருகிறவரை தலை அசையாது. வருகிறபோது தலை திரும்பிவிடும், அப்போது புதுத் தாள் எடுங்கள். மூக்கு அவர் மூக்கு மாதிரியே வராது. ஆனால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாயைக் கொஞ்சம் திறந்து பார்க்கிற அந்தத் தோரணை வந்துவிட்டால் வீட்டில் எல்லாருக்கும் யார் என்று தெரியும்.

கடைசியாக, நீங்கள் கேள்வியில் எழுதாமல் விட்டதாக நான் சந்தேகப்படும் ஒன்று: "என் பொண்ணு பர்த்டேக்கு இந்த போட்டோவை வரைஞ்சு குடுப்பா" என்று வருகிற சொந்தக்காரர்கள். அச்சு அசலாக வரைகிற யாரும் இவர்களிடமிருந்து தப்பியதில்லை. முடிந்தால் மறுத்துவிடுங்கள். முடியாவிட்டால் கட்டம் போட்டு, பட்ஸ் வைத்துத் தேய்த்து, அவர்கள் கேட்ட மாதிரியே வரைந்துகொடுத்து, அதற்குக் காசு வாங்குங்கள். சித்தப்பாவாக இருந்தாலும் வாங்குங்கள். அது கூலி வேலை, அதை ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு ஒதுக்குங்கள். காலண்டர் தாள் நேரத்தில் அதைத் தொடாதீர்கள்.